ஒரு சுழியில் தொங்கிய உயிர்

அத்தியாயம் 6

அன்று காலை ரயில்களில் அநாதையாகக் கண்டெடுக்கப்பட்டு ராஜரத்தினத்தின் கவுண்டருக்கு வந்து சேர்ந்தவை பதினோரு குடைகள், ஒரு வயலின், ஒரு பல் செட்.

பல் செட்டுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது தனலெட்சுமி உள்ளே நுழைந்தாள். நர்ஸ் உடுப்பின் மேல் மழைக்கோட்டு. கக்கத்தில் ஒரு பழுப்பு உறை.

"அண்ணே, பசியாறிட்டீங்களா?"

"ஓம். நீர்?"

"வர்ற வழியில பசிச்சிச்சு. இந்தப் பல்லைப் பார்த்ததும் போயிருச்சு. எவனோ ஒருத்தன் வீட்டுக்குப் போயி பொண்டாட்டிக்குப் பதில் சொல்ல முடியாம உக்காந்திருப்பான். பாவம்லா. அவளுக்கு இன்னிக்குத்தான் தீபாவளி."

ராஜரத்தினம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி. கொழும்பில் பதினெட்டு வருஷம் சி.ஐ.டி.யில் இருந்தவர். சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் உத்தியோகம் என்று வந்தபோது இரண்டு தடவை எழுதிப் பார்த்தார். மூன்றாம் தடவை வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். அங்கே சுற்றி, இங்கே சுற்றி, இப்போது 1975-இல், ஐம்பத்தெட்டு வயதில், மெல்பேர்ன் ரயில்வேயில் தொலைந்த சாமான்களைக் காக்கிறார். ஆனால் அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் குடையைத் தேடி மட்டும் வருவதில்லை.

தனலெட்சுமி மலேசியாவின் ஈப்போ ஊர்க்காரி. வயது முப்பத்தெட்டு. கிளென் வேவர்லியில், ரயில் தண்டவாளம் முடிகிற இடத்துக்கும் அப்பால், பழைய பழத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பெத்தேல் முதியோர் இல்லத்தில் ஆறு வருஷமாக நர்ஸ். மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான்.

வழக்கு சின்னது. வயதுதான் எண்பத்தொன்பது.

பெத்தேல் இல்லத்தின் ஏழாம் அறையில் ரூத் ஹாலம் என்று ஒரு மூதாட்டி. தொண்ணூற்றொரு வயது. பெயர் வெள்ளைக்காரப் பெயர், நிறம் நம்முடைய நிறம். அவருடைய தகப்பனார் மாசிலாமணி என்கிற திருநெல்வேலி உபதேசியார். எட்வின் ஹாலம் என்ற பாதிரியார் பன்னிரண்டு வருஷம் திருநெல்வேலியில் ஊழியம் செய்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது, பல்லாரட்டுக்கு அப்பால் ஒரு தங்கச் சுரங்க ஊரில் சுற்றித் திரிந்த, எழுதப் படிக்கத் தெரியாத தமிழ் வியாபாரிகளுக்கு வேதம் சொல்ல மாசிலாமணியையும் மனைவியோடு கூட்டிவந்தார். ரூத் பிறந்தாள். தாய் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் கழித்து, 1886-இல், அந்த ஊர்க் கோவிலின் தலைமைப் போதகர் பிரைஸ் மணிக்கூண்டுப் படிக்கட்டின் கீழே மண்டை பிளந்து கிடந்தார். மாசிலாமணியைத் தூக்கில் போட்டார்கள். அநாதைக் குழந்தையை ஹாலம் எடுத்து வளர்த்தார், தன் பெயரையும் கொடுத்தார். பெத்தேல் இல்லமே பிற்பாடு அவர் கட்டியதுதான்.

நேற்றுத்தான் டாக்டர் ரூத்துக்குப் பன்னிரண்டு நாள் கொடுத்திருந்தார். கூடினால் பதினைந்து. சாவதற்குள் அவருக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அப்பா செய்தாரா, இல்லையா?

"வந்திருச்சு அண்ணே," என்று தனலெட்சுமி உறையை நீட்டினாள். "ஆவணக் காப்பகத்துல இருந்து. கடிதத்தோட போட்டோஸ்டாட்."

ராஜரத்தினம் பல் செட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கடிதம்தான் மாசிலாமணியைத் தூக்குமேடைக்கு ஏற்றியது. சிறையிலிருந்து ஹாலமுக்கு அவர் தமிழில் எழுதியது. சிறை அதிகாரி பிரித்துப் பார்த்திருக்கிறார். எழுத்தா, எறும்பா என்று தெரியவில்லை. கோர்ட்டுக்கு அனுப்பினார். கோர்ட்டிலே அது கொலை ஒப்புதல் என்று மொழிபெயர்க்கப்பட்டது. ஆங்கிலத்தை ரூத் நூறு தடவை வாசித்திருக்கிறார். தமிழை இந்த எண்பத்தொன்பது வருஷத்தில் யாரும் வாசிக்கவில்லை.

ராஜரத்தினம் சத்தமாக வாசித்தார்.

"மகா கனம் பொருந்திய ஹாலம் ஐயரவர்களுக்கு உபதேசி மாசிலாமணி எழுதிக்கொண்டது. பிரைஸ் ஐயரைக் கொன்றவன் நானே. கர்த்தருக்குத் தெரியும். தங்களுக்கும் தெரியும். நான் வாய் திறக்கமாட்டேன். குழந்தையைத் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது."

வாசித்து முடித்ததும் தாளை மேசைமேல் வைத்தார். ஆங்கிலத்தில் இருந்தது அச்சு அசலாகத் தமிழிலும் இருந்தது. கொன்றவன் நானே.

"அவ்வளவுதான்," என்றார். "செய்திருக்கிறான். கைப்பட எழுதியும் இருக்கிறான். அந்த மனுசிக்கு என்னத்தைப் போய்ச் சொல்லுறது?"

தனலெட்சுமி தாளைத் தலைகீழாகப் பார்த்தாள். நேராகத் திருப்பியும் பார்த்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் என் பணப்பையில கைய வச்சா, 'நான்தான் எடுத்தேன், உனக்கும் தெரியும்'னு கடிதம் எழுத மாட்டாரு. தெரிஞ்சவங்களுக்கு எதுக்குலா கடிதம்?"

"கொலைகாரனுக்கு மனச்சாட்சி."

"மனச்சாட்சி வந்தவன் வாயத் திறக்கணும். இவரு மூடுறாரு."

 ராஜரத்தினம் தாளைத் திரும்ப இழுத்தார்.

"நீர் இப்ப என்ன சொன்னனீர்?"

"எங்க வீட்டுக்காரர் திருடுவாருன்னு சொன்னேன்."

"அது இல்லை. வாய்." அவர் விரல் அந்த வரியில் நின்றது. "நான்தான் கொன்றனான் எண்டு எழுதிப் போட்டான். அதுக்குப் பிறகு வாய் திறக்கமாட்டன் எண்டால், மறைக்க என்ன மிச்சம் கிடக்கு? எல்லாத்தையும் கொட்டின சட்டியை ஏன் மூடுறான்?"



"அசலைப் பார்க்கவேணும்," என்று ராஜரத்தினம் எழுந்தார். பக்கத்துக் கவுண்டர் கிரேக்கனிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

*

காப்பக அலுவலர் நல்ல மனுஷர். நரைத்த தாடி, கம்பளி உள்சட்டை. கையுறை கொடுத்து, அட்டைப் பெட்டியைத் திறந்து, கடிதத்தை மேசைமேல் வைத்தார். எண்பத்தொன்பது வருஷக் காகிதம் தேயிலைச் சாயம் போலப் பழுத்திருந்தது. நாலாக மடித்து வைத்த மடிப்புகள் அறுந்துவிடும் நிலையில் இருந்தன.

ராஜரத்தினம் குனிந்தார். ஒரு மடிப்பு சரியாக அந்த வரியின் மேலே ஓடியது. 'நானே' என்ற சொல்லின் கடைசி எழுத்து மடிப்புக்குள் பாதி விழுந்து கிடந்தது.

"பூதக்கண்ணாடி இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கண்ணாடி வந்தது. பார்த்தார். 

"தனம், வாரும். இதில என்ன எழுதியிருக்கு? வடிவாப் பார்த்துச் சொல்லும்."

தனலெட்சுமி கண்ணாடிக்குள் கண்ணை விட்டாள். "நா... னே..." என்று இழுத்தாள். பிறகு வாய் மூடியது. அவள் வாய் மூடுவது அபூர்வம்.

"அண்ணே, இதுக்கு வாலு இருக்கு."

வால்தான். இன்றைக்கு அச்சில் 'னோ' என்று போட்டால் கால் தனியாக எட்டி நிற்கும். எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய தமிழில் அப்படியில்லை. னகரத்தின் வாலையே வளைத்து ஒரு சுழி சுழித்துவிடுவார்கள். ராஜரத்தினம் படித்ததும் அப்படித்தான், தனலெட்சுமி ஈப்போ தோட்டப் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியதும் அப்படித்தான். சுழி இல்லாவிட்டால் 'னே'. சுழித்தால் 'னோ'. மாசிலாமணி சுழித்திருந்தார். அதை மடிப்பு தின்றிருந்தது. போட்டோஸ்டாட் இயந்திரத்தின் கண்ணுக்கு அது வெறும் நிழல்.

"நானோ," என்றார் ராஜரத்தினம் மெதுவாக. "பிரைஸ் ஐயரைக் கொன்றவன் நானோ."

"கேள்வி அண்ணே! ஒத்துக்கல! கேக்கறாரு!"

"கேள்விக்குறி போடுற வழக்கம் அந்தக் காலத்துக் கடிதத்தில இல்லை. சுழிதான் கேள்வி."

தனலெட்சுமி காப்பகத்தில் இருக்கிறோம் என்பதை மறந்து மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அலுவலர் உதட்டில் விரல் வைத்தார். ராஜரத்தினம் அவருக்கு விஷயத்தை விளக்கினார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். முகத்தில் நிஜமான வருத்தம் வந்தது.

"தீர்ப்பை மாற்ற வழி உண்டா?" என்று ராஜரத்தினம் கேட்டார்.

"மனுப் போடலாம். பதிவில் மொழிபெயர்ப்பாளர் பெயர் எட்வின் ஹாலம் என்று இருக்கிறது. ஆனால் கோர்ட்டில் சத்தியம் செய்த அவர் சொன்னதைத் தப்பு என்று சொல்ல, சத்தியம் செய்த இன்னொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழுக்கு யாராவது இந்த மாநிலப் பட்டியலில் இருக்கிறார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும்..."

"எவ்வளவு காலம் ஆகும்?"

"வருஷக் கணக்கில்."

"அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு நாள்."

அலுவலர் பூதக்கண்ணாடியை ராஜரத்தினத்தின் பக்கம் நகர்த்தினார். "கண்ணாடியை வேண்டுமானால் இன்னும் வைத்துக்கொள்ளுங்கள்," என்றார். அவரால் கொடுக்க முடிந்தது அதுதான்.

*

கிளென் வேவர்லி ரயிலில் ராஜரத்தினம் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தனலெட்சுமிக்கு உட்காரவே முடியவில்லை.

"இன்னிக்கே சொல்லிரலாம் அண்ணே. உங்கப்பா கொலைகாரர் இல்லைன்னு. ஹாலம் பாதிரியாருக்கு அன்னிக்கு யாராவது நல்ல மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்திருந்தா ஒரு உயிர் தப்பிச்சிருக்கும். யார் மேலயும் குத்தமில்ல. சுழி சரியில்ல, அவ்வளவுதான்!"

அவள் சொன்ன சிலேடைக்கு அவளே சிரித்தாள்.

ராஜரத்தினத்துக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரர், சிறையில் மங்கலாக எழுதப்பட்ட ஒரு கடிதம், கண்ணுக்குத் தப்பிய ஒரு வால். தவறு நடந்துபோச்சு. தவறு செய்தவரே அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தார். கதை முழுசாக இருந்தது, அழகாகவும் இருந்தது. பதினெட்டு வருஷப் போலீஸ்காரனுக்குக் கதை அழகாக இருந்தால் சந்தேகம் வரும்.

"ஒண்டு மட்டும் சரி பார்க்கவேணும்," என்றார். "ஹாலமுக்கு எவ்வளவு தமிழ் தெரியும்?"

"அதை எங்க போயி பாக்கறது? ஆளு செத்து அம்பது வருஷம் ஆச்சு."

"உங்கட இல்லத்துச் சிற்றாலயத்தில ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவரின்ர சாமான் இருக்கெண்டு நீர்தானே சொன்னனீர்? அதில தமிழ்க் கொப்பி ஒண்டும் இருக்கெண்டு."

தனலெட்சுமியின் சிரிப்பு நின்றது. "இருக்கு," என்றாள்.

இல்லத்தில் பெட்டிச் சாவி தலைமை நர்ஸான மேட்ரனிடம் இருந்தது. 'தூசி துடைக்கணும்' என்று சொல்லி வாங்கி வந்தாள். "ஆறு வருஷத்துல நான் தானா முன்வந்து துடைக்கிறது இதுதான் முதல் தடவை. மேட்ரன் எனக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பார்த்தாங்க."

மதியத்துக்கு முந்தைய வெயில் வண்ணக் கண்ணாடி வழியாகச் சிற்றாலயத்துக்குள் விழுந்திருந்தது. உள்ளே வேறு யாரும் இல்லை. பெட்டிக்குள் ஹாலமின் மூக்குக்கண்ணாடி, ஒரு வெள்ளிக் கோப்பை, கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டுக் கொப்பி. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தும் 1881 என்ற வருஷமும் இருந்தன. தமிழ்நாட்டுக்குப் புதிதாகப் போகும் வெள்ளைக்காரப் போதகர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அவரே கைப்பட எழுதிய பாடம் அது.

ராஜரத்தினம் பக்கங்களைப் புரட்டினார். தப்பும் தவறுமாக இருக்கவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே புரட்டினார். எழுத்துகள் முத்து முத்தாக இருந்தன. மூன்றாம் பக்கத்தில் 'தேவனோடு' என்று வந்தது. சுழி இருந்தது. ஐந்தாம் பக்கத்திலும் 'தேவனோடு', அங்கேயும் சுழி.

"ஒருவேளை வேற யாராவது எழுதிக் கொடுத்திருப்பாங்களோ?" என்று தனலெட்சுமி கேட்டாள். அவள் குரலும் வேண்டிக்கொண்டது.

பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த வேண்டுதல் செத்தது. அங்கே இரண்டு சொற்கள் பக்கத்துப் பக்கத்தில், பெரிதாக. 'அவனே', 'அவனோ'. இரண்டாவதன் சுழியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். கீழே அதே கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. சுழியில் கவனம் வேண்டும், சுழி விட்டுப்போனால் கேள்வி விடையாகிவிடும் என்று.

தனலெட்சுமி கையில் இருந்த துடைக்கும் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சிருக்கு," என்றாள்.

"ஓம். ஊருக்கே சொல்லிக் குடுத்தவர்."

"அப்ப அந்தக் கடிதம்..."

ராஜரத்தினம் அதை மனப்பாடமாகச் சொன்னார். இந்த முறை சுழியோடு சொன்னார். "பிரைஸ் ஐயரைக் கொன்றவன் நானோ? கர்த்தருக்குத் தெரியும். தங்களுக்கும் தெரியும். நான் வாய் திறக்கமாட்டேன். குழந்தையைத் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது."

அதே வரிகள்தான். ஒரு சுழி சேர்ந்ததும் எல்லாம் புரண்டு படுத்தன. ஒப்புதலாக இருந்தது இப்போது ஒப்பந்தமாக இருந்தது. கொன்றது யார் என்று உனக்குத் தெரியும், நான் சொல்லமாட்டேன், நீ என் பிள்ளையை வளர்த்துவிடு.

"கோர்ட்டுப் பதிவின்படி அண்டைக்குக் கோயிலுக்குள்ள இருந்தது மூண்டு பேர்," என்றார். "ஒருத்தர் செத்துப் போனார். ஒருத்தரைத் தூக்கில போட்டாங்கள். மற்றவர் ஹாலம்."

"கோர்ட்டுலயாவது அவரு கத்தியிருக்கலாம்ல?"

"ஆரிட்டக் கத்துறது? அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. கூண்டில நிண்டு அவன் சொன்னதை எல்லாம் மொழிபெயர்த்ததும் ஹாலம்தான்."

ஏன் கொன்றார் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. இனிமேலும் சொல்லப்போவதில்லை. சண்டையா, கை தவறித் தள்ளியதா, தெரியாது. பிடித்து உட்கார வைத்துக் கேட்க ஆள் இல்லை. கொன்றவர் இந்த நாட்டின் மண்ணுக்குள், மேலே சலவைக்கல்லோடு தூங்குகிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வழக்கை முழுசாகத் துலக்கிவிட்டு, அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் ராஜரத்தினம் நின்றார்.

*

ஏழாம் அறைக்கு வெளியே இருவரும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள்.

"பாதியைச் சொல்லுவம்," என்றார் ராஜரத்தினம். "தகப்பன் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு மட்டும். மொழிபெயர்ப்பில பிழை எண்டு மட்டும்."

"மீதி?"

"மீதி எனக்கும் உமக்கும்."

"தெரியணும்னு கேட்டது அவங்கதானே அண்ணே?"

"கேட்டது அப்பாவைப் பற்றி. அவ கும்பிடுற கடவுளுக்கு ஹாலமின்ர முகம், தனம். தொண்ணூற்றொரு வயதில அதைப் பிடுங்கி எடுத்தால் அந்த இடத்தில எதை வைக்கிறது? உம்மட்ட ஏதும் இருக்கோ?"

தனலெட்சுமி துடைக்கும் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.  கதவைத் திறந்தாள்.

ரூத் ஹாலம் தலையணைகளில் சாய்ந்திருந்தார். உடம்பு போர்வைக்கு அடியில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெலிவு. கண் மட்டும் தெளிவு. முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த கண்.

"வாருங்கள், இன்ஸ்பெக்டர்," என்றார் ஆங்கிலத்தில். அவர் மட்டும்தான் இந்த நாட்டில் ராஜரத்தினத்தை அப்படிக் கூப்பிடுகிறவர். "நல்ல செய்தியாக இருந்தால் உட்கார்ந்து சொல்லுங்கள். கெட்ட செய்தியாக இருந்தாலும் உட்காருங்கள். நிமிர்ந்து பார்க்கக் கழுத்து வலிக்கிறது."

உட்கார்ந்தார். "உங்கள் தகப்பனார் ஒப்புக்கொள்ளவில்லை. 'கொன்றவன் நானா' என்று கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பில் கேள்வி விழுந்துபோய்விட்டது."

 போர்வையின் மேல் கிடந்த ரூத்தின் விரல்கள் ஒன்றை ஒன்று தேடிப் பிடித்துக்கொண்டன.

"ஒரு வார்த்தையா?"

"ஒரு எழுத்து. அதில் ஒரு சுழி."

"அதைத் தமிழில் சொல்லுங்கள். அவர் சொன்னபடியே."

"நானோ."

"நா...னோ." அவர் உதடுகள் அந்த ஒலியைச் சுவைத்துப் பார்த்தன. கண்ணோரம் நனைந்தது. "தொண்ணூற்றொரு வருஷத்தில் என் அப்பாவின் பாஷையில் நான் பேசுகிற முதல் வார்த்தை. ஒன்பது வயதில் கேட்டேன், எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று. 'அது உனக்கு உதவாது, குழந்தை' என்றார் ஹாலம். பக்கத்து அறையில் இளம் போதகர்களுக்கு வருஷக் கணக்காகச் சொல்லிக்கொடுத்தார். பாடம் நடக்கும்போது கதவைச் சாத்திவிடுவார்."

சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினார். பல வருஷமாகத் தெரிந்த ஒரு வீட்டில் திடீரென்று ஒரு புது அறையைக் கண்டவர் போல அவர் முகம் மாறியது.

"மொழிபெயர்த்தது யார்?"

அந்தக் கேள்விக்கு ராஜரத்தினம் தயாராகத்தான் வந்திருந்தார். "கோர்ட் பதிவில் பெயர் தெளிவாக இல்லை, அம்மா."

"இன்ஸ்பெக்டர், வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது என்று சொன்ன ஆயிரம் முகங்களை நான் பார்த்தவள்."

தனலெட்சுமி ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனாள். திரை சரியாகத்தான் இருந்தது.

"1886-இல் இந்தக் காலனியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?" ரூத்தின் குரல் வகுப்பில் கேட்பது போல நிதானமாக இருந்தது. "என் அப்பா ஒருவர். இன்னொருவர் யார்?"

ராஜரத்தினம் தன் தொப்பியைப் பார்த்தார்.

"தவறுதலாகவா?" என்று ரூத் கேட்டார்.

'ஆம்' என்று ஒரு சொல் போதும். ஒரு சொல்லுக்காக எத்தனையோ பேரை ராஜரத்தினம் மணிக்கணக்காக உட்கார வைத்து விசாரித்திருக்கிறார். இன்றைக்கு அந்தச் சொல் அவர் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். ரூத்தின் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. வாய் மூடிக்கொண்டது.

ரூத் தலையை மெல்ல ஆட்டினார். விடை வந்துவிட்டது.

வெளியே தோட்டத்தில் யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டினார்கள். அது நின்ற பிறகுதான் அவர் பேசினார்.

"எனக்கு ஐந்து வயது இருக்கும்போது அவர் ஒரு ஜெபம் கற்றுக்கொடுத்தார். 'என் தகப்பன் செய்த கொலையை மன்னியும்' என்று. கட்டிலுக்குப் பக்கத்தில் என்னோடு அவரும் முழங்கால் போடுவார். நான் சொல்லும்போது அவர் அழுவார். எவ்வளவு இளகின மனசு என்று நினைத்துக்கொள்வேன். அன்றிலிருந்து நேற்று வரைக்கும் ஒரு நாள் விடவில்லை. எண்பத்தாறு வருஷம், இன்ஸ்பெக்டர். மன்னிப்புத் தேவையில்லாத மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்."

"அம்மா..." என்றார் ராஜரத்தினம். 

"தேவைப்பட்டவருக்கு யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அவரைப் பரிசுத்தவான் என்றார்கள். பரிசுத்தவானுக்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள்?" மூச்சு வாங்கியது. "எனக்குக் காய்ச்சல் வந்தால் ராப்பகலாக உட்கார்ந்திருப்பார். என் தலைமுடியைப் பின்னத் தெரியாமல் பின்னிவிடுவார். அதுவும் பொய் இல்லை. அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?"

ரூத் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"நான்தான் கேட்க வேண்டும். வேறு யாரும் இல்லை. இருக்கிற நாளும் கொஞ்சம்தான்." கண்ணை மூடினார். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. திரும்ப முயன்றார். நெற்றி சுருங்கியது. பிறகு கண்ணைத் திறந்து, குழந்தை தண்ணீர் கேட்பது போலக் கேட்டார். "இன்றைக்கு எனக்கு முடியவில்லை. எனக்குப் பதிலாக நீங்கள் கேட்கிறீர்களா?"

ராஜரத்தினம் கொழும்பை விட்ட நாளிலிருந்து எந்தக் கோயில் வாசலையும் மிதித்ததில்லை. சின்ன வயதில் படித்த தேவாரம் இரண்டு வரி எங்கோ கிடந்தது. அது இதற்கு ஆகாது. அவர் கையில் இருந்த தொப்பி ஒரு சுற்றுச் சுற்றியது.

ஜன்னலிலிருந்து தனலெட்சுமி திரும்பி வந்தாள். கட்டிலோரம் முழங்கால் போட்டாள். ஈப்போவில் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தவள் அவள். ஆனாலும் ஆறு வருஷமாகப் படுக்கைக்குப் படுக்கை நோயாளிகளோடு சொல்லிச் சொல்லி இந்த இல்லத்து ஜெபம் அவளுக்கு மனப்பாடம். ஆங்கிலத்தில், ஈப்போ ராகத்தில், ஒரு இடத்திலும் பிசகாமல் சொன்னாள். பாவங்களை மன்னியும் என்று வருகிற இடத்தில் மட்டும் ஒரு கணம் தயங்கி, "எட்வின் ஹாலமையும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஜெபம் முடிந்தது. ஆமென் சொல்ல வேண்டியது ரூத்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; மூச்சு சீராக வந்துபோனது, ஆமென் மட்டும் வரவில்லை. தாழ்வாரத்தில் சாப்பாட்டு வண்டி உருண்டு வந்து, ஏழாம் அறைக்கு முன்னால் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துபோயிற்று. தனலெட்சுமி கூப்பிய கையை இறக்கவில்லை. ராஜரத்தினமும் காத்திருந்தார்.